ஓடுபவர்களின் முட்டிச் சில்லு வலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓட ஆரம்பித்த சில மாதங்களில், அல்லது பந்தயத்துக்காகத் தூரத்தைக் கூட்டும் வாரங்களில், பலருக்கு முட்டியின் முன்பக்கம் வலிக்கத் தொடங்குகிறது. "முட்டி தேய்ஞ்சிருச்சு, ஓட்டத்தை விட்டுடு" என்பார் வீட்டில் ஒருவர். "வலியைக் கண்டுக்காதே, ஓட ஓடச் சரியாகிடும்" என்பார் ஓட்டக் குழுவில் ஒருவர். இரண்டுமே கெடுதலான அறிவுரை. ஓடுபவர்களுக்குப் பிசியோதெரபி செய்யும் எனக்கு இந்த வலி பற்றி வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால், பதில்களை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

எனக்கு இருப்பது முட்டிச் சில்லு வலிதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"எங்கே வலிக்கிறது, ஒரு விரலால் காட்டுங்கள்" என்றால் இந்த வலி உள்ளவர்களால் காட்ட முடியாது. உள்ளங்கையைச் சில்லின் மேல் கவிழ்த்து வைத்து, "இந்தச் சுத்து வட்டாரம் முழுக்க" என்பார்கள். சில்லைச் சுற்றியோ அதற்குப் பின்னாலோ மந்தமாக வலிக்கும். படி ஏறும்போது, அதைவிட இறங்கும்போது அதிகம். குந்தி உட்கார்ந்தால் வலிக்கும். சென்னையிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் முட்டியை மடக்கியபடியே போனால் விழுப்புரம் தாண்டுவதற்குள் காலை நீட்ட வேண்டும்போல் இருக்கும். சோதித்துப் பார்க்க எளிய வழி குந்துவதுதான். குந்தும்போது முட்டியின் முன்பக்கம் வலித்து, வீக்கமோ அடிபட்ட வரலாறோ இல்லையென்றால், பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

சில்லுக்குக் கீழே ஒரே புள்ளியில் விரல் வைத்துக் காட்ட முடிந்தால் அது சில்லுக்குக் கீழுள்ள தசைநாரின் வலி. முட்டியின் வெளிப்பக்கம், ஓட ஆரம்பித்துக் குறிப்பிட்ட தூரத்தில் சுரீர் என்று பிடித்தால் அது தொடையின் வெளிப்பக்கமாக இறங்கும் ஐடி பேண்ட் என்ற பட்டை சம்பந்தப்பட்டது. முட்டி நடுவில் சிக்கிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால் மெனிஸ்கஸ் என்னும் சவ்வைப் பார்க்க வேண்டும். இவற்றுக்கான வைத்தியம் வேறு என்பதால், சந்தேகம் இருந்தால் ஒருமுறை நேரில் காட்டிவிடுவது நல்லது.

முட்டிக்குள் எது வலிக்கிறது?

முட்டிச் சில்லு தசைநாருக்குள் பதிந்து கிடக்கும் எலும்பு. உடலில் அந்த வகை எலும்புகளில் இதுதான் மிகப் பெரியது. தொடையின் முன்தசை சுருங்கும்போது, தொடை எலும்பின் முனையிலுள்ள பள்ளத்தில் இது மேலும் கீழுமாக ஓடுகிறது. இதன் பின்புறம் இருக்கும் குருத்தெலும்பு உடலிலேயே தடிமனான குருத்தெலும்புகளில் ஒன்று. இவ்வளவு பலமாக அமைந்திருப்பதே இது தாங்க வேண்டிய சுமையைச் சொல்லிவிடும்.

அந்தக் குருத்தெலும்பில் நரம்பு கிடையாது. அதனால் அதற்கு வலிக்காது. ஸ்காட் டை என்ற அமெரிக்க எலும்பியல் அறுவை மருத்துவர் தன் முட்டியையே இதற்குச் சோதனைக் களமாக்கினார். தோலுக்கு மட்டும் மரத்துப்போக மருந்து கொடுத்து, மூட்டுக்குள் எந்த மயக்க மருந்தும் இல்லாமல், உள்ளே கருவியால் ஒவ்வொரு பகுதியாகத் தொடச் சொல்லி என்ன உணர்கிறார் என்று பதிவுசெய்தார். 1998இல் அந்த முடிவுகள் வெளிவந்தன. சில்லின் குருத்தெலும்பை அழுத்தியபோது அவருக்கு எந்த வலியும் தெரியவில்லை. சில்லுக்குக் கீழுள்ள கொழுப்புத் திண்டையும் மூட்டின் உட்சவ்வையும் தொட்டபோது தாங்க முடியாத வலி.

ஆகவே "குருத்தெலும்பு தேய்ந்ததால் வலிக்கிறது" என்ற நேர்க்கோட்டு விளக்கம் போதாது. பழக்கத்துக்கு மீறிய சுமை வந்ததால் உட்சவ்வு, கொழுப்புத் திண்டு, குருத்தெலும்புக்கு அடியிலுள்ள எலும்பு ஆகியவை உறுத்தலுக்கு உள்ளாகி நிற்கின்றன. உறுத்தல் என்றால் அடங்கக்கூடியது. இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போகும் எல்லாமே அதை நம்பித்தான்.

ஓடினால் முட்டி தேயும் என்கிறார்களே?

2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முட்டி மற்றும் இடுப்பு மூட்டுத் தேய்மானத்தை ஓடுபவர்களிடமும் ஓடாதவர்களிடமும் ஒப்பிட்டது. உடல்நலத்துக்காகவும் ஆசைக்காகவும் ஓடுபவர்களில் 3.5 சதவீதம் பேருக்குத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம். போட்டித் தரத்தில் ஓடும் உயர்மட்ட வீரர்களில் 13.3 சதவீதம். ஓட்டம்தான் காப்பாற்றியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஏற்கெனவே முட்டி நன்றாக இருப்பவர்கள்தான் ஓடுகிறார்கள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் வாரம் சில நாள் கடற்கரையில் ஓடும் ஒருவரைப் பார்த்து "முட்டியைத் தேய்க்கிறாய்" என்று பயமுறுத்த இதில் எந்த ஆதாரமும் இல்லை.

அப்படியென்றால் எனக்கு ஏன் வந்தது?

நடக்கும்போது சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையே விழும் சுமை ஏறக்குறைய நம் உடல் எடை அளவு. படி ஏறும்போது சுமார் 3 மடங்கு. ஓடும்போது சுமார் 5 மடங்கு, அதுவும் ஒவ்வொரு அடிக்கும். மூட்டு இதைத் தாங்கும், ஆனால் பழக வேண்டும். பழகுவதற்கு முன் சுமை ஏறினால் வலி வருகிறது.

அதனால் வலியோடு வருபவரிடம் நான் முதலில் கேட்பது கடந்த ஆறு வாரத்தின் ஓட்டக் கணக்கை. கைபேசியில் பதிவு இருக்கும், எடுத்துக் காட்டுவார்கள். பெரும்பாலும் காரணம் அங்கேயே கிடைத்துவிடும். ஜனவரியில் சென்னை மாரத்தான் என்பதால் அக்டோபரில் தூரத்தை மளமளவென்று கூட்டியிருப்பார். டெங்கு வந்து மூன்று வாரம் படுத்திருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்தே தொடங்கியிருப்பார். சமதளத்தில் மட்டும் ஓடியவர், நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஓடியே இறங்கியிருப்பார். இறக்கத்தில் ஒவ்வொரு அடியும் முட்டியை மடக்கிப் பிரேக் பிடிப்பதுதான், சில்லுக்கு அதைவிடக் கடினமான வேலை குறைவு. வேகப் பயிற்சியைப் புதிதாகச் சேர்த்ததும் ஒரு காரணமாக இருக்கும்.

தொடை முன்தசையும் இடுப்பின் பக்கத் தசைகளும் பலமில்லாமல் இருப்பது, அடியை நீளமாக எடுத்து வைப்பது ஆகியவையும் சேரும். பெண்களுக்கு இந்த வலி ஆண்களைவிட அதிகம் வருகிறது. இடுப்பு அகலம்தான் காரணம் என்று வெகுகாலம் சொல்லப்பட்டது. ஆனால் இடுப்பு அகலத்தால் தொடைக்கும் முட்டிக்கும் இடையே உண்டாகும் கோணத்தை நிற்கவைத்து அளந்து, அதை வைத்து யாருக்கு வலி வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. "உங்க எலும்பு அமைப்பே இப்படி" என்று யாராவது சொன்னால் அதோடு மனம் தளர்ந்துவிட வேண்டாம்.

ஓட்டத்தை நிறுத்த வேண்டுமா?

பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம், குறைத்தால் போதும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

கனடாவின் கியூபெக்கில் முட்டிச் சில்லு வலியுள்ள 69 ஓட்டக்காரர்களை மூன்று குழுவாகப் பிரித்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். முடிவு 2018இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு ஓட்டச் சுமையை எப்படிச் சரிசெய்வது என்ற விளக்கம் மட்டும். இரண்டாவது குழுவுக்கு அதோடு தசைப் பயிற்சி. மூன்றாவது குழுவுக்கு விளக்கத்தோடு ஓடும் விதத்தை மாற்றும் பயிற்சி. மூன்று குழுக்களும் தேறின. மூன்றுக்கும் இடையே வலியிலோ இயக்கத்திலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. சுமையைச் சரிசெய்யக் கற்றுக்கொண்டதே பெரும்பங்கு வேலையைச் செய்துவிட்டது.

ஒருவர் வாரம் மூன்று நாள் 8, 8, 16 கிலோமீட்டர் என்று ஓடுகிறார், 6 கிலோமீட்டர் தாண்டினால் வலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் வாரம் ஐந்து நாள் ஓடலாம், ஆனால் ஒரு நாளைக்கு 4 கிலோமீட்டர்தான். பேசிக்கொண்டே ஓடும் வேகம். தேவைப்பட்டால் நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. மேம்பாலம், மலைச்சாலை, மாடிப்படிப் பயிற்சி எல்லாம் இப்போதைக்கு இல்லை. வாரக் கணக்கு 32இலிருந்து 20க்கு இறங்குகிறது, ஆனால் மூட்டு அடிக்கடி சிறு சிறு அளவில் சுமையைச் சந்திக்கிறது. இப்படி இரண்டு வாரம் அமைதியாகப் போனால் ஒரு நாளின் தூரத்தை மட்டும் ஒரு கிலோமீட்டர் கூட்டுங்கள். முதலில் தூரம், அப்புறம் வேகம், கடைசியில் ஏற்ற இறக்கம். ஒரே வாரத்தில் இரண்டைக் கூட்ட வேண்டாம்.

முழு ஓய்வில் வலி அடங்கும் என்பது உண்மைதான். ஆனால் மூட்டின் தாங்கும் சக்தியும் தசைப் பலமும் அதோடு சேர்ந்து குறைகின்றன. ஒரு மாதம் கழித்துப் பழைய தூரத்தை ஓடினால் வலி திரும்பி வரும், அதுவும் முன்னைவிடச் சீக்கிரமாக. "ரெஸ்ட் எடுத்தா சரியாகுது, ஓடினா திரும்ப வருது" என்று வருடக் கணக்கில் இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும். பலர் ஓட்டத்தையே விட்டுவிடுகிறார்கள், விட்டிருக்கத் தேவையே இல்லை.

எவ்வளவு வலியோடு ஓடலாம்?

பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாத வலி. ஓடும்போது இரண்டைத் தாண்டக் கூடாது. ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் ஓடுவதற்கு முன்பிருந்த நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். மறுநாள் காலை படி இறங்கிப் பாருங்கள், நேற்றைவிடக் கூடுதலாக வலிக்கக் கூடாது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் அன்றைய அளவு சரி. ஒன்று தவறினாலும் அடுத்த ஓட்டத்தைக் குறையுங்கள், ரத்து செய்ய வேண்டியதில்லை. நொண்டி நொண்டி ஓடும் நிலை வந்தால் அந்த இடத்திலேயே நின்று நடந்து வீட்டுக்கு வாருங்கள்.

என்ன பயிற்சிகள் செய்ய வேண்டும்?

கியூபெக் ஆய்வைச் சொன்னவுடன் "அப்போ பயிற்சியே வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். வேண்டும். ஓடுபவர்களைத் தாண்டி இந்த வலியுள்ள எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், அதிக ஆதாரம் உள்ள சிகிச்சை பயிற்சிதான். முட்டிக்கு மட்டும் செய்வதைவிட, இடுப்புக்கும் முட்டிக்கும் சேர்த்துச் செய்வது பலன் தருகிறது. வலி பல மாதங்களாக இருக்கிறது, தசை வற்றியிருக்கிறது என்றால் பயிற்சி இல்லாமல் நான் யாரையும் அனுப்புவதில்லை.

முட்டி ரொம்பவும் உறுத்தலாக இருந்தால் முதல் இரண்டு வாரம் இடுப்பை மட்டும் வேலை வாங்குங்கள். சுவரை ஒட்டி ஒருக்களித்துப் படுங்கள், வலிக்கும் கால் மேலே. முதுகும் புட்டமும் சுவரைத் தொட வேண்டும். மேல் காலின் குதிகாலைச் சுவரோடு அழுத்தி, உரசியபடியே மேலே தூக்குங்கள். கால் விரல் கூரையைப் பார்க்கக் கூடாது, நேர் முன்னால் பார்க்க வேண்டும். சுவர் எதற்கென்றால், அது இல்லாவிட்டால் இடுப்பு தானாகப் பின்னால் சரிந்து, கால் முன்னால் வந்து, தொடையின் முன்தசை வேலையைத் திருடிக்கொள்ளும். சரியாகச் செய்தால் பத்தாவது தடவையில் புட்டத்தின் மேல் வெளிப்பக்கம் காந்த ஆரம்பிக்கும். அங்கே காந்தவில்லை என்றால் கால் முன்னால் வந்துவிட்டது என்று அர்த்தம். மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்கும் பிரிட்ஜையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு காலில் எளிதானதும் ஒரு காலுக்கு மாறலாம்.

அடுத்து முட்டி. நாற்காலி நுனிவரை மெதுவாகக் குந்தி எழுவதில் ஆரம்பியுங்கள். வலித்தால் நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். அது சுலபமானதும் படி. வீட்டுப் படி ஒன்றின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலின் குதிகால் கீழ்த்தரையை லேசாகத் தொடும்வரை மூன்று நொடி எடுத்து இறங்கி, மேலே வாருங்கள். எதிரில் கண்ணாடி இருந்தால் நல்லது. நிற்கும் காலின் முட்டி பெருவிரலைத் தாண்டி உள்பக்கம் சாய்கிறதா, இடுப்பு ஒரு பக்கம் தொங்குகிறதா என்று பாருங்கள். சாய்ந்தால் உயரத்தைக் குறையுங்கள். ஒரு காலுக்கு 8 முதல் 10 தடவை, மூன்று சுற்று, வாரத்துக்கு மூன்று நாள். எளிதானால் முதுகுப் பையில் தண்ணீர் பாட்டில்களைப் போட்டு எடையைக் கூட்டுங்கள். கூட்டாமல் அதே பயிற்சியை ஆறு மாதம் செய்துகொண்டிருப்பதில் பயனில்லை.

ஜிம்மில் உட்கார்ந்து காலை நீட்டும் லெக் எக்ஸ்டென்ஷன் இயந்திரம் கூடாது என்று பொதுவாகச் சொல்வார்கள். முழுக்க மடங்கிய 90 டிகிரியிலிருந்து பாதி, அதாவது 45 டிகிரிவரை நீட்டினால் சில்லில் அழுத்தம் குறைவுதான். கடைசிப் பாதியில்தான் அது ஏறுகிறது. குந்துவதில் இது தலைகீழ்: ஆழம் போகப் போக அழுத்தம் கூடும். ஆரம்பத்தில் இந்த எல்லைகளுக்குள் இருந்துகொண்டு, வலி அடங்க அடங்க முழு வீச்சுக்குப் போகலாம்.

தொடையின் உள்பக்கத் தசையை மட்டும் தனியாக முறுக்கும் பயிற்சி என்று சிலர் துண்டை முட்டிக்கடியில் வைத்து அழுத்தச் சொல்வார்கள். அந்தத் தசை தனியாகச் சுருங்காது. மொத்த முன்தசையையும் பலப்படுத்துங்கள், அது போதும்.

ஓடும் விதத்தை மாற்றினால் உதவுமா?

ஒரு மாற்றம் உதவும்: அதே வேகத்தில் அடிகளைச் சின்னதாக, அதிகமாக வைப்பது. அடி நீளமாகும்போது கால் உடலுக்கு வெகு முன்னால் விழுகிறது, முட்டி அதிகம் மடங்கிச் சுமை வாங்குகிறது. அடி எண்ணிக்கையை 10 சதவீதம் கூட்டினால் சில்லின் மேல் விழும் உச்சச் சுமை ஏறக்குறைய 14 சதவீதம் குறைந்ததாக அளந்திருக்கிறார்கள்.

எப்படி எண்ணுவது? வழக்கமான வேகத்தில் ஓடும்போது வலது கால் தரையைத் தொடுவதை 30 நொடிக்கு எண்ணி நான்கால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 160 என்று வந்தால் 168ஐ இலக்காக வையுங்கள். கைபேசியில் மெட்ரோனோம் செயலியை அந்த எண்ணில் வைத்து, ஆரம்பத்தில் ஓட்டத்துக்கு நடுவே ஒரு நிமிடம் அதன் தாளத்துக்கு ஓடுங்கள், அப்புறம் ஐந்து நிமிடம். எல்லோரும் 180க்கு வர வேண்டும் என்று ஒரு பேச்சு உண்டு. தேவையில்லை, உங்கள் எண்ணிலிருந்து 5 முதல் 10 சதவீதம்தான் கணக்கு.

குதிகாலுக்குப் பதிலாக முன்பாதத்தில் இறங்கினால் முட்டிச் சுமை குறையும். ஆனால் அது கெண்டைக்கால் தசைக்கும் குதிகால் நாருக்கும் போய்ச் சேரும். முட்டி வலியைக் கொடுத்துக் குதிகால் வலியை வாங்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் இதை நான் முதல் வழியாகச் சொல்வதில்லை.

ஷூ மாற்றினால் சரியாகுமா?

போட்டு நடந்து, ஓடிப் பார்த்து, காலுக்கு வசதியாக இருப்பதை வாங்குங்கள். முட்டி வலிக்கென்றே விற்கப்படும் விலை உயர்ந்த ஷூ என்று எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆயத்தமாகக் கிடைக்கும் பாதத் திண்டுகளைச் ஷூவுக்குள் வைத்தால் சிலருக்கு முதல் ஆறு வாரம் வலி குறைகிறது. அதை வைத்தவுடன் குந்திப் பாருங்கள். அப்போதே வலி குறைந்தால் வாங்கலாம், இல்லையென்றால் வேண்டாம்.

நீ கேப் போடலாமா? டேப் ஒட்டலாமா?

மருந்துக்கடையில் கிடைக்கும் நீ கேப்பால் பெரிய பலன் இருப்பதாக ஆதாரம் இல்லை. போட்டால் தைரியமாக இருக்கிறது என்றால் ஓடும்போது மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், நாள் முழுக்க வேண்டாம். டேப் கொஞ்சம் உதவும். ஜென்னி மக்கோனல் என்ற ஆஸ்திரேலியப் பிசியோதெரபிஸ்ட் 1986இல் சில்லை உள்பக்கமாக இழுத்து ஒட்டும் முறையை எழுதினார். சில்லு நிரந்தரமாக இடம் மாறுவதில்லை, ஆனால் வலி குறைகிறது. அதைப் பயன்படுத்திக்கொண்டு பயிற்சியைச் செய்ய முடிகிறது என்பதுதான் லாபம். முதல் நான்கு வாரத்துக்கு மேல் டேப்பையே நம்பியிருக்கக் கூடாது. நம் ஊர் வியர்வையில் ஒட்டு அரிப்பெடுக்கும், ஒட்டுவதற்குமுன் தோலை நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள்.

எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் 'காண்ட்ரோமலேசியா கிரேடு 2' என்று இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். அது சில்லின் குருத்தெலும்பு மென்மையடைந்து, மேற்பரப்பில் சற்றுப் பிசிறடித்திருப்பதைக் குறிக்கும் சொல். வலியே இல்லாதவர்களின் முட்டியைப் படமெடுத்தாலும் இது தென்படும். வலி கடுமையாக உள்ள பலருக்குப் படம் சுத்தமாக இருக்கும். ரிப்போர்ட்டில் உள்ள எண்ணுக்கும் உங்கள் வலிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. இந்த வலியைக் கண்டுபிடிக்க எம்ஆர்ஐ தேவையும் இல்லை, விசாரித்துக் குந்தவைத்துப் பார்த்தாலே போதும். கடைசியில் சொல்லப்போகும் ஆபத்து அறிகுறிகள் இருந்தால் மட்டும் படம் எடுப்பதில் அர்த்தம் உண்டு. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு ஓட்டத்தை நிறுத்திய இளைஞர்கள் நிறையப் பேர். ஸ்கேனை உங்களிடம் கொடுப்பவர் அதை விளக்கியும் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை.

மாத்திரை, ஊசி, குளுக்கோசமைன்?

வலி அதிகமுள்ள சில நாட்களுக்கு மருத்துவர் சொன்ன அளவில் வலி மாத்திரை எடுக்கலாம். ஓடுவதற்கு முன் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். இரண்டு காரணம். வலி தெரியாததால் அளவு மீறுவீர்கள். அதைவிட முக்கியமாக, வியர்த்து நீர் வற்றிய உடலில் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். மூட்டுக்கு நல்லது என்று விற்கப்படும் குளுக்கோசமைன் இந்த வலிக்குக் கேட்பதாக நல்ல ஆதாரம் இல்லை, அந்தப் பணத்தைப் பிசியோதெரபிக்குச் செலவிடலாம். ஸ்டீராய்டு ஊசிக்கு வழக்கமாக இங்கே இடமில்லை.

எண்ணெய், முடக்கத்தான், ஐஸ்?

முடக்கத்தான் தோசை நன்றாக இருக்கும், சாப்பிடுங்கள். வலி அதனால் போகும் என்று காத்திருக்க வேண்டாம். எண்ணெய் தேய்ப்பதும் ஓடி முடித்துப் பத்து நிமிடம் ஐஸ் வைப்பதும் இதம் தரும், கெடுதல் இல்லை. முட்டியை முறுக்கி இழுத்து "எலும்பை ஏற்றும்" வேலைக்கு மட்டும் யாரிடமும் காலைக் கொடுக்காதீர்கள்.

அறுவை சிகிச்சை தேவைப்படுமா?

மிக மிக அரிது. பின்லாந்தில் நீண்ட நாள் வலியுள்ள 56 பேரைப் பிரித்து, பாதிப் பேருக்குத் துளைவழி அறுவையும் பயிற்சியும், மற்றவர்களுக்குப் பயிற்சி மட்டும் கொடுத்தார்கள். 2007இல் வந்த முடிவுப்படி இரு பக்கமும் ஒரே அளவு தேறின. சில்லு அடிக்கடி இடம் விட்டு நழுவுபவர்களின் கதை வேறு, அவர்களுக்கு அறுவை உதவலாம்.

சம்மணம் போடலாமா? இந்தியன் டாய்லெட் பயன்படுத்தலாமா? கோயில் படி ஏறலாமா?

இவை கெட்ட செயல்கள் இல்லை, அதிகச் சுமை தரும் செயல்கள். அதனால் ஓட்டத்தோடு சேர்த்து அன்றைய கணக்கில் இவற்றையும் எழுதுங்கள். வலி அதிகமுள்ள வாரங்களில் சம்மணத்துக்குப் பதில் நாற்காலி, வாய்ப்பிருந்தால் வெஸ்டர்ன் டாய்லெட். மெட்ரோ நிலையத்தில் இறங்குவதற்கு மட்டும் எஸ்கலேட்டர் எடுத்தாலே முட்டிக்குப் பெரிய நிம்மதி. பழனி மலையின் கிட்டத்தட்ட 700 படிகளை ஏறி இறங்கிய மறுநாள் நீண்ட ஓட்டம் வைக்காதீர்கள். வேண்டுதல் இருந்தால் ஏறிவிட்டு விஞ்சில் இறங்கலாம். வலி அடங்கியதும் இவை எல்லாவற்றுக்கும் திரும்ப வேண்டும். குந்தி எழ முடிவது பெரிய சொத்து, நாற்பது வயதில் அதை இழந்துவிடக் கூடாது.

பிள்ளைக்கு 13 வயது, பள்ளியில் ஓடுகிறான், முட்டி வலிக்கிறது என்கிறான்.

இதே வலி அந்த வயதிலும் சகஜம். சில்லுக்குக் கீழே எலும்பில் புடைப்பும், தொட்டால் வலியும் இருந்தால் அது ஆஸ்குட் ஷ்லாட்டர் என்ற வளரும் வயதுப் பிரச்சினை. அதற்கும் சுமையைக் குறைப்பதுதான் வழி. ஆனால் பிள்ளை நொண்டுகிறான், இடுப்பை உள்பக்கம் திருப்ப முடியவில்லை என்றால் அன்றே மருத்துவரிடம் காட்டி இடுப்பை எக்ஸ்ரே எடுங்கள். இடுப்பு மூட்டின் வளர்ச்சித் தட்டு நழுவினால் சில பிள்ளைகளுக்கு வலி முட்டியில்தான் தெரியும். முட்டியை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால் நாள் கடந்துவிடும்.

எப்போது உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

விழுந்தோ திருகியோ அடிபட்டபின் சில மணி நேரத்தில் முட்டி வீங்கினால். காலை ஊன்ற முடியாவிட்டால். முட்டி பூட்டியதுபோல் சிக்கிக்கொண்டால். சில்லு நழுவியது கண்ணுக்குத் தெரிந்தால். முட்டி சூடாகச் சிவந்து, காய்ச்சலும் இருந்தால். ஓய்விலும் இரவிலும் விடாமல் வலித்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால். இவை எதுவும் முட்டிச் சில்லு வலியின் குணம் அல்ல.

எத்தனை நாளில் சரியாகும்?

சுமையைச் சரிசெய்தால் நாலு முதல் எட்டு வாரத்தில் நல்ல முன்னேற்றம் தெரிய வேண்டும். முழுப் பலமும் திரும்ப மூன்று மாதம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "தானாகப் போய்விடும்" என்று விடுவதுதான் எனக்குக் கவலை. இந்த வலியுள்ளவர்களை 5 முதல் 8 ஆண்டு கழித்து விசாரித்தபோது பாதிக்கு மேற்பட்டவர்கள் முழுமையாகத் தேறியிருக்கவில்லை. ஆரம்பத்திலேயே இரண்டு மாதத்துக்கு மேல் வலியை இழுத்தடித்தவர்கள் தேறுவது கடினமாகிறது. மூன்றாவது வாரமும் வலி இருந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

ஆறு வாரத்தில் அரை மாரத்தான், பணம் கட்டிவிட்டேன். ஓடலாமா?

இன்று உங்களால் மேலே சொன்ன வலி எல்லைக்குள் எத்தனை கிலோமீட்டர் ஓட முடிகிறது என்பதைப் பொறுத்தது. 10 கிலோமீட்டர் முடிகிறது என்றால், வேகத்தை மறந்துவிட்டு, ஓட்டமும் நடையுமாக 21ஐ முடிக்க வாய்ப்பு உண்டு. வாராந்தர நீண்ட ஓட்டத்தை ஒன்றிரண்டு கிலோமீட்டராகக் கூட்டிக்கொண்டே போங்கள், கடைசி வாரம் குறைத்துவிடுங்கள். 4 கிலோமீட்டரிலேயே வலி எல்லை தாண்டுகிறது என்றால், அமைப்பாளர்களிடம் கேட்டு 10 கிலோமீட்டர் பிரிவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், பல பந்தயங்களில் அதற்கு வழி உண்டு. அதுவும் முடியாவிட்டால் இந்தப் பருவம் அந்தப் பந்தயத்தை விட்டுவிட்டு, மேலே சொன்ன வாரம் ஐந்து நாள் கணக்கை, வலி எல்லைக்குள் நிற்கும் சிறு தூரத்தில் நாளைக் காலையே ஆரம்பியுங்கள்.